புதுப்பிப்பு: ஆர்வி-7, லைகமிங் ஓ-360 எஞ்சினில் மூன்றாம் சிலிண்டரின் வெப்பநிலை குறைவாகக் காட்டியதன் காரணம்

நான் கட்டிய ஆர்வி-7 விமானத்தின் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நான்கு சிலிண்டர் தலைகளின் வெப்பநிலையும் ஒன்றாகவே இருக்க, சூடேறச் சூடேற மூன்றாவது மட்டும் பின்தங்குவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். ஆலோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் சிலிண்டரின் சென்சரோடு மாற்றிப் பொருத்திப் பார்க்கச் சொன்ன யோசனையே வழிகாட்டியது. மாற்றிய பிறகும் மூன்றாம் இணைப்பே குறைவாகக் காட்டியதால், பழுது கம்பியில்தான் என்பது உறுதியானது. எனக்கு முன் இந்தக் கட்டுமானத்தைத் தொடங்கியவர், எஞ்சின் அறைக்குள்ளேயே சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டிருந்தார். இந்தச் சென்சர், இருவேறு உலோகக் கம்பிகளில் எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் ஜே வகைத் தெர்மோகப்பிள். இதற்கு இரும்பும் கான்ஸ்டன்டனும் (செம்பு-நிக்கல் கலவை) கொண்ட கம்பியே கருவி வரை செல்ல வேண்டும். இல்லையேல், ஒட்டுப்போட்ட இடம் கருவியைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு குறைவாகக் கருவி காட்டும். முழு நீளத்துக்கும் ஜே வகைக் கம்பியை இழுத்ததும் குறை தீர்ந்தது. அமெரிக்க நிறக்குறியீட்டில் இதன் சிவப்புக் கம்பி எதிர்முனை, வெள்ளை நேர்முனை என்பதைக் கட்டாயம் கவனியுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: அளவு சரியானதும், மூன்றாம் சிலிண்டர்தான் மற்றவற்றைவிடச் சூடானது என்று தெரிந்தது. அதன் பின்பக்கக் குளிர்விப்புத் துடுப்புகள் ஆழம் குறைந்தவை. குளிர்காற்றைச் சிலிண்டர்களின் வழியே செலுத்தும் பேஃபிள் தகடு அவற்றை ஒட்டி நின்றதால் காற்று கீழிறங்க வழியில்லை. இடையே வாஷர் வைத்து இடைவெளி கொடுத்தபின், விமானம் மேலேறும்போதும் அது 400 பாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. எஞ்சின் தயாரிப்பாளரான லைகமிங்கின் உச்ச வரம்பு 500.