ஸ்டாக்ஸைக் கவிழ்த்தது எது: 1965 ஒப்பந்தமா, ஆல் பெல்லின் கடனா?

புதுக்காது:
அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து சோல் இசைத்தட்டு நிறுவனமான ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் பற்றி இரண்டு கதைகள் சுற்றுகின்றன. 1968இல் அதன் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனம் மாஸ்டர் டேப்புகளை (மூலப் பதிவுகளை) மொத்தமாக எடுத்துக்கொண்டபோதே ஸ்டாக்ஸ் முடிந்துவிட்டது என்பது ஒன்று. பின்னாளில் அதை நடத்திய ஆல் பெல் கடன்மேல் கடன் வாங்கி 1975இல் மூடவைத்தார் என்பது இன்னொன்று. எது சரி? 'ரெண்டும்தான்' என்று மட்டும் சொல்லித் தப்பிக்காதீர்கள்.

ஊசிமுனை:
1965இல் அட்லாண்டிக்கோடு போட்ட ஒப்பந்தம்தான். ஸ்டாக்ஸை ஆரம்பித்த ஜிம் ஸ்டூவர்ட் ஒரு வங்கி ஊழியர், ஃபிடில் வாசிப்பவர். 1957இல் சாட்டிலைட் என்ற பெயரில் ஆரம்பித்தார். அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்து 2,500 டாலர் கொண்டுவந்தார். அதில் வாங்கியதுதான் ஆம்பெக்ஸ் 350 டேப் மெஷின். 1960இல் ஈஸ்ட் மக்லெமோர் அவென்யூ 926ஆம் எண்ணில் மூடிக்கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். சாட்டிலைட் என்ற பெயரில் வேறொரு கம்பெனி இருந்ததால் 1961இல் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் இருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் என்று மாற்றினார்கள்.

ரூஃபஸ் தாமஸும் மகள் கார்லாவும் பாடிய தட்டு அந்த வட்டாரத்தில் ஓட ஆரம்பித்ததும் அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் விநியோகத்தை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருடம் எல்லாமே வாய்ப்பேச்சில்தான் ஓடியது. 1965இல்தான் எழுத்துக்கு வந்தது. அதுவும் ஜிம் கேட்டதால்: வெக்ஸ்லர் தன் பங்கை விற்றுவிட்டுப் போனால் தானும் விலகலாம் என்று ஒரு பாதுகாப்பு வேண்டுமென்றார். அந்த ஷரத்து கிடைத்தது. கூடவே, அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகளின் முழு உரிமையும் அட்லாண்டிக்குக்கே என்ற வரியும் அதே காகிதத்தில் இருந்தது. ஜிம் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

1967இல் அட்லாண்டிக்கை வார்னர்-செவன் ஆர்ட்ஸ் வாங்கியது. அதே டிசம்பர் 10ஆம் தேதி ஸ்டாக்ஸின் நட்சத்திரப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தார். அவருக்கு வாசித்த பார்-கேஸ் குழுவில் நான்கு பேரும் அதே விமானத்தில் போனார்கள். அடுத்த மே மாதம் ஜிம் விலகியபோது ஓட்டிஸ், கார்லா பாடியது, ஆர்கன்காரர் புக்கர் டி வாசித்தது எதுவும் அவர் கையில் இல்லை. சாம் அண்ட் டேவ் அட்லாண்டிக் இரவல் கொடுத்த பாடகர் ஜோடி, அவர்களும் திரும்பிப் போனார்கள். இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மூச்சுமுட்டல்.

கணக்குப்பிள்ளை:
மூச்சுமுட்டுகிறவன் இப்படி ஓடமாட்டான். 1969 மே மாதத்தில் ஆல் பெல் ஒரே வீச்சில் 27 ஆல்பம் இறக்கினார். அதில் ஒன்று ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்'. மொத்தமே நான்கு பாட்டு, ஒன்று 18 நிமிடத்துக்கு மேல். பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. 1971இல் அவரே இசையமைத்த 'ஷாஃப்ட்' படப் பாட்டு, அடுத்த வருடம் அதற்கு ஆஸ்கார். 1972இல் ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழு விற்பனைப் பட்டியலில் முதலிடம். அதே ஆகஸ்ட் 20 லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் வாட்ஸ்டாக்ஸ் இசைவிழா: டிக்கெட் ஒரு டாலர், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். 1968இல் செத்த கம்பெனி செய்கிற வேலையா இது?

ஊசிமுனை:
27 ஏன் என்று கேட்டீர்களா? ரெக்கார்ட் கம்பெனிக்குச் சோறு போடுவது பழைய சரக்கு. பழைய தட்டுக்குப் பதிவுச் செலவு எப்போதோ திரும்பி வந்திருக்கும். தட்டு அழுத்துவது, உறை, ராயல்டி, இவ்வளவுதான் செலவு. விற்பது பெரும்பாலும் லாபம். புதுப் பாட்டு பத்தில் எட்டு ஓடாது, அந்த நஷ்டத்தைத் தாங்குவது இந்தப் பழைய சரக்கு. அதை 1968இல் ஒரே நாளில் இழந்தவன் அலமாரியை நிரப்ப 27 ஆல்பம் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆல் பெல் ஆசைப்பட்டுப் போட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:
பழைய சரக்கு வாதம் பாதிதான் சரி. டேப் வேறு, பாட்டு வேறு. பாடல் உரிமை ஈஸ்ட் மெம்ஃபிஸ் மியூசிக் என்ற ஸ்டாக்ஸின் சொந்தப் பதிப்பகத்தில் இருந்தது. 1968இல் அது அட்லாண்டிக்குக்குப் போகவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, தட்டு அச்சடிப்பவர் பாடல் உரிமைக்குத் தர வேண்டியது ஒரு தட்டுக்கு ஒரு பாட்டுக்கு 2 சென்ட். ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் எழுதிய பாட்டை அட்லாண்டிக் எத்தனை முறை அச்சடித்தாலும் அந்தக் காசில் ஒரு பங்கு மெம்ஃபிஸுக்கு வரும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஊறுகிற கிணறு அது. அதையும் யூனியன் பிளான்டர்ஸ் வங்கியில் ஈடு வைத்தது யார்?

கடன் வரிசையைப் பாருங்கள். 1968இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்னிடம் கம்பெனியை விற்றார்கள். 1970இல் கடன் வாங்கி அதைத் திரும்ப வாங்கினார்கள். 1972இல் விநியோகத்தையும் எடுத்துக்கொண்ட சிபிஎஸ் ரெக்கார்ட்ஸிடம் 60 லட்சம் டாலர் கடன், ஜிம்மின் பங்கை ஆல் பெல் வாங்குவதற்கு. கடைசியில் வங்கிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். இதற்கிடையே ராக், நகைச்சுவை, ஸ்காட்லாந்துச் சிறுமி லீனா ஸவரோனி என்று சம்பந்தமில்லாத சரக்கெல்லாம். ஹேய்ஸே 1974இல் 53 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தன் மிகப்பெரிய பாடகனுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்க முடியாத நிலைக்கும் அட்லாண்டிக்தான் காரணமா?

ரீல்மாமா:
நீங்கள் இருவரும் காகிதத்தையே புரட்டுகிறீர்கள். ஸ்டாக்ஸ் என்ற சத்தம் 1970லேயே கலைய ஆரம்பித்துவிட்டது. கித்தார் ஸ்டீவ் கிராப்பர் விலகினார், புக்கர் டி ஜோன்ஸும் போனார். 'ஹாட் பட்டர்டு சோல்' மெம்ஃபிஸிலேயே ஆர்டன்ட் என்ற வேறொரு ஸ்டுடியோவில் பதிவானது, வயலின், ஹார்ன் எல்லாம் டெட்ராய்ட்டில் சேர்த்தது. ஸ்டேபிள் சிங்கர்ஸின் முதலிடப் பாட்டு அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் ஆட்கள் வாசித்தது. மக்லெமோர் கூடத்துக்கு அதில் பங்கே இல்லை.

அந்தக் கூடம் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் இழப்பு புரியும். தியேட்டர் இருக்கைகளைக் கழற்றினார்கள், சரிவான தரையை அப்படியே விட்டார்கள். மேடையில் கன்ட்ரோல் ரூம். தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்ட் கடை, அதை எஸ்டெல் பார்த்துக்கொண்டார். தெருப் பையன்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது அன்றே உள்ளே தெரிந்துவிடும். தரையும் கூரையும் இணையாக இல்லாததால் சத்தம் ஒரே இடத்தில் மோதி நின்று இரையாது. திரைச்சீலை தொங்கவிட்டு மிச்சத்தை அடக்கினார்கள். எதிரொலி வேண்டுமென்றால் டைல்ஸ் போட்ட கழிவறை.

முதலில் ஒரே டிராக் மோனோ. பாடகர், டிரம்ஸ், ஹார்ன் எல்லாரும் ஒன்றாக வாசிக்க வேண்டும். சாக்ஸபோன் ஒரு இடத்தில் பிசகினால் முழுப் பாட்டும் மறுபடி. பிறகு சேர்ப்பது, அழிப்பது கிடையாது. அதனால்தான் அங்கே இசையமைப்பு எளிமை: ஹார்னுக்கு எழுதிய நோட்டேஷன் இல்லை, வாயால் பாடிக் காட்டி அங்கேயே முடிவு செய்வார்கள். இடைவெளி நிறைய இருக்கும். பாட்டுக்குப் பாட்டு ஆட்களை மாற்றினால் இது நடக்காது.

ஊசிமுனை:
ரீல்மாமா, ஸ்டாக்ஸ் பாட்டில் அடி கொஞ்சம் பிந்தி விழுமே, அந்தத் தாமதத் தாளமும் கூடத்தால் வந்ததுதானே? எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ரீல்மாமா:
முழுக்க இல்லை. ஹெட்ஃபோன் இல்லாமல் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 29 மில்லி விநாடி ஆகும். காதை நம்பினால் ஆளுக்கொரு நேரத்தில் வாசிப்பார்கள், கண்ணால் பார்த்துத்தான் சேர வேண்டும். அது கூடத்தின் வேலை. ஆனால் இரண்டாம், நான்காம் அடியை வேண்டுமென்றே கொஞ்சம் பின்தள்ளியது 1965 மே மாதம் அட்லாண்டிக் பாடகர் வில்சன் பிக்கெட் பதிவில். வெக்ஸ்லர் கன்ட்ரோல் ரூமிலிருந்து வெளியே வந்து ஜெர்க் என்ற நடனத்தை ஆடிக் காட்டி, அடி எங்கே விழ வேண்டும் என்று சொன்னார். டிரம்மர் ஆல் ஜாக்சனும் கிராப்பரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அட்லாண்டிக்காரர் கொடுத்த சொத்து என்றும் சொல்லலாம், ஊசிமுனைக்குக் கசக்கும்.

ஊசிமுனை:
கசக்கவில்லை. வெக்ஸ்லர் காதை நான் குறை சொல்லவில்லை, அவருடைய வக்கீல் எழுதியதைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளைக்கு: சிபிஎஸ் ஒப்பந்தம் கொடுத்தது கடன் மட்டுமா? 1973 மே மாதம் தன் ரெக்கார்ட் பிரிவுத் தலைவர் கிளைவ் டேவிஸை சிபிஎஸ் வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தத்தைப் பேசியவர் அவர். பின்னால் வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸ் வேண்டாத பிள்ளை. சிபிஎஸ் பெரிய கடைகளுக்குத்தான் சரக்கு அனுப்பும். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் சின்னக் கடைகள்தான் ஸ்டாக்ஸின் சந்தை. தட்டு கிடங்கில் கிடக்கும், வானொலியில் பாட்டு ஓடும், கேட்டு வருகிறவனுக்குக் கடையில் கிடைக்காது. மேலே, தரவேண்டிய பணத்தில் ஒரு பங்கை சிபிஎஸ் பிடித்தும் வைத்தது. ஸ்டாக்ஸ் விநியோகித்த ஆர்டன்ட் லேபிளில் பிக் ஸ்டார் என்ற ராக் குழு போட்ட ஆல்பங்களை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியும் கடைக்கு வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பந்தம் வேறு ஆளிடம் விற்க விடாது. இதில் ஆல் பெல் என்ன செய்ய முடியும்?

கணக்குப்பிள்ளை:
அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்க முடியும். ஒருவர் தயவை நம்பி விநியோகத்தை முழுசாகக் கொடுக்கக்கூடாது என்பது 1968இலேயே தெரிந்துவிட்டது. வெக்ஸ்லரை நம்பினார்கள், பிறகு டேவிஸை நம்பினார்கள்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: வங்கி மோசடி என்று ஆல் பெல்மீது போட்ட வழக்கில் 1976இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரைத் திருடன் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவு இல்லை. 1975 டிசம்பரில் மூன்று சின்னக் கடன்காரர்கள் போட்ட மனுவில் கட்டாயத் திவால் வந்து கதவுக்குப் பூட்டு விழுந்தது. ஜிம் கடைசி நேரத்தில் சொந்தச் சொத்தைப் பிணையாகக் கொடுத்து அதையும் இழந்தார். எஸ்டெல் 1969லேயே வெளியேற்றப்பட்டவர். அந்த அம்மா தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதுக்காது:
சரி, தட்டு வாங்கப்போகிறவனுக்கு இதில் என்ன தெரிய வேண்டும்?

ரீல்மாமா:
லேபிளைப் பாருங்கள். வெளிர்நீலத்தில் தட்டுகள் அடுக்கிய படம் என்றால் அட்லாண்டிக் காலம். மஞ்சளில் விரல் சொடுக்கும் படம் என்றால் 1968க்குப் பிறகு. உறையில் கலிஃபோர்னியா பெர்க்லி முகவரி இருந்தால் 1977இல் மிச்சத்தை வாங்கிய ஃபேன்டசி கம்பெனியின் மறுபதிப்பு. விலை அதிகம் கொடுக்காதீர்கள்.

ஓட்டிஸின் 'ஓட்டிஸ் ப்ளூ' மட்டும் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் வேண்டும். மோனோவில் 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' ஏற்கனவே சிங்கிளாக வந்த பதிவு. ஸ்டீரியோவுக்காக 1965 ஜூலையில் அதை மறுபடி பாடினார். வேகமும் பாடிய விதமும் வேறு. கலவை மட்டும் மாறியது என்று விற்பவர் சொன்னால் நம்பவேண்டாம்.

ஊசிமுனை:
அந்த ஆல்பத்தை இன்றும் அச்சடிப்பது வார்னர். ஸ்டாக்ஸ் என்ற பெயரும் 1968க்குப் பிந்தைய டேப்புகளும் கன்கார்ட் நிறுவனத்திடம்.

கணக்குப்பிள்ளை:
'ஹாட் பட்டர்டு சோல்' கன்கார்டிடம். 1968 இழப்பு இல்லாமல் அதுவும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், அடுத்த திரியில் பார்க்கலாம்.