மறு: வாய்ஸ் ஓவருக்கு என்ன சொல்? பின்னணிக் குரல், கதைக்குரல், கூற்று

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவின் இந்த இழையில் இரண்டு கேள்விகள் கலந்து ஓடுகின்றன. திரையில் காட்சி ஓடும்போது அதன் மேல் கேட்கும் பேச்சுக்கு, அதாவது வாய்ஸ் ஓவருக்கு, தமிழில் என்ன சொல்வது? ஒரு பாத்திரம் கதையில் எதற்காக இருக்கிறது என்பதை எந்தச் சொல்லால் குறிப்பது? இரண்டாவதைத் தனி இழைக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை வந்தது. வேண்டாம் என்பேன். முதலில் பேச்சுக்கு வந்த ‘1883’ என்ற அமெரிக்கத் தொடரையே எடுத்துக்கொண்டால், ஒன்றைத் தீர்க்காமல் மற்றது தீராது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவையும் சொல்லப் போகிறேன், ஆகவே பார்க்க நினைப்பவர்கள் கடைசிப் பத்தியின் முதல் வரிக்குத் தாவிவிடலாம். டெய்லர் ஷெரிடன் எழுதியது. டட்டன் குடும்பத்தின் பண்ணையைச் சுற்றி நடக்கும் ‘யெல்லோஸ்டோன்’ தொடரின் முன்கதை. 2021 டிசம்பரில் தொடங்கி 2022 பிப்ரவரியில் முடிந்தது, மொத்தம் 10 பகுதிகள். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஓரிகனுக்குக் கூண்டு வண்டிகளில் கிளம்பும் ஜெர்மன் குடியேறிகள், அவர்களை வழிநடத்தும் ஷே பிரென்னன், தாமஸ் என்ற இருவர், கூடவே சேர்ந்துகொள்ளும் டட்டன் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மகள் எல்சா. கதை முழுக்க அவள் குரல்தான் கேட்கிறது. இசபெல் மே நடித்திருக்கிறார், குரலும் அவருடையதே. லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடும் கேப்டன் டைகரோடும் வளர்ந்தவர்களுக்கு நிலம் புதிதாக இருக்காது. கட்டத்தின் மேல்மூலையில் பெட்டிக்குள் வருமே ஒரு வரி, அந்த வேலையைத்தான் இங்கே எல்சா செய்கிறாள்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> ‘பின்னணிக் குரல்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

முடியாது ஐயா. அந்த நாற்காலியில் டப்பிங்காரர்கள் உட்கார்ந்து பல காலம் ஆயிற்று. தமிழக அரசின் திரைப்பட விருதுகளிலும் பின்னணிக் குரல் என்றால் இன்னொருவர் வாயசைப்புக்குக் குரல் கொடுப்பதுதான். எல்சாவுக்கு யாரோ பின்னணிக் குரல் கொடுத்தார் என்று எழுதினால், இசபெல் மே பேசவே இல்லை என்றுதான் வாசகர் நினைப்பார். ‘வர்ணனை’ கிரிக்கெட்டுக்கும் தேரோட்டத்துக்கும் போய்விட்டது. ‘மேலுரை’ எழுத்தில் பரவாயில்லை, ஆனால் வாயால் சொன்னால் பாதிப் பேருக்குத் தபால் உறை என்று கேட்கும்.

‘படர்குரல்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படர்தலில் பரவுதலும் இருக்கிறது, நினைத்து வருந்துதலும் இருக்கிறது. படர்மெலிந்திரங்கல் என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் பக்கத்திலேயே ‘படர்க்கை’ நிற்கிறது. எல்சா பேசுவது தன்மையில். தன்மையில் பேசுவதற்குப் படர்குரல் என்று பெயர் வைத்துவிட்டு, ‘இது படர்க்கை இல்லை’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் அடிக்குறிப்பு சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

திரைக்கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஆங்கிலத் திரைக்கதையில் பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் வி.ஓ. (வாய்ஸ் ஓவர்) என்றும் ஓ.எஸ். (ஆஃப் ஸ்கிரீன்) என்றும் இரண்டு குறிகள் வரும். ஓ.எஸ். என்றால் ஆள் அந்த இடத்திலேயே இருக்கிறார், கேமராவுக்குத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடுவது அந்த ரகம். வி.ஓ. என்றால் அந்தப் பேச்சு காட்சி நடக்கும் இடத்தில் ஒலிப்பதே இல்லை. ‘புறக்குரல்’ என்ற இன்னொரு பரிந்துரை இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுவிடுகிறது. முதலாவதற்கு ‘மறைகுரல்’, இரண்டாவதற்குக் ‘கதைக்குரல்’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. கதைக்குரல் என்றால் கேட்டவுடன் புரியும். விளம்பரத்துக்கும் ஆவணப்படத்துக்கும் அது பொருந்தாது. அவர்கள் வேறு பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் கதைக்குரல் என்று பெயர் வைத்ததோடு விமர்சகரின் வேலை முடிவதில்லை. எல்சாவின் குரலை யாராவது ஆராய வேண்டுமானால் மூன்று கேள்விகளைத் தவிர்க்க முடியாது. எப்போது பேசுகிறாள்? யாரிடம் பேசுகிறாள்? பேசுவதால் என்ன ஆகிறது? இங்கேதான் தொல்காப்பியச் செய்யுளியல் நினைவுக்கு வருகிறது. செய்யுளின் 34 உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று ஐந்தும் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. சொல்கிறவர், கேட்கிறவர், இடம், பொழுது, அதனால் விளைவது. கதைக்குரலைப் பற்றிப் பேச இதைவிட ஒழுங்கான ஒரு பட்டியலை நாம் புதிதாக உண்டாக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே தலைவி கூற்று, தோழி கூற்று என்று படித்துவிடுகிறோம். கூற்று என்றதும் ‘கூற்று, காரணம்’ வகைத் தேர்வு வினா ஞாபகம் வருகிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டார். வரட்டுமே.

முதலில் காலம். தொடரின் தொடக்கத்தில் எல்சா எரியும் வண்டிகளுக்கு நடுவே கண் விழிக்கிறாள். சுற்றிலும் பிணங்கள். அவள் உடம்பில் அம்பு பாய்கிறது. அந்தக் காட்சியின் மேல் ஓடும் குரல் இந்தச் சமவெளியின் பெயரைப் பற்றித்தான் பேசுகிறது. அமெரிக்கப் பாலைவனம், பெரும் சமவெளி என்பவையெல்லாம் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வைத்த பெயர்கள், இதன் மேல் நடந்து, இரத்தம் சிந்தினவர்களுக்குத்தான் இதன் உண்மைப் பெயர் தெரியும் என்கிறாள். அந்தப் பெயர் நரகம். கலைச்சொல் குழுவில் உட்கார்ந்திருக்கிற நமக்கு நல்ல குட்டு. (பாலைவனம் என்ற பெயரை வரைபடத்தில் ஏற்றியது பேராசிரியர் இல்லை, 1820இல் அந்தப் பக்கம் போன ஸ்டீபன் லாங் என்ற ராணுவப் பொறியாளரின் குழு. எல்சாவிடம் போய் இதைச் சொல்ல முடியாது.) பேச்சின் கடைசியில், தான் ஏற்கெனவே செத்துவிட்டதாகவும் சொல்லிவிடுகிறாள். பிறகு கதை பின்னால் போய்ப் பயணத்தின் தொடக்கத்துக்கு வருகிறது. அதே பெண், முகத்தில் கனவோடு.

ஆகவே அந்தக் குரலுக்கு முடிவு தெரியும். ஆனால் எப்போதும் தெரிந்ததுபோல் அது பேசுவதில்லை. சில இடங்களில் எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்க்கிறது. சில இடங்களில் குதிரை மேல் போகும்போது அந்த நொடியில் மனத்தில் ஓடுவதையே பேசுகிறது, நாளை என்ன ஆகும் என்று தெரியாதவள்போல. முதல் வகையைப் ‘பின்கூற்று’ என்றும், இரண்டாவதை ‘உடன்கூற்று’ என்றும் சொல்லலாமா? பின் என்பதில் காலமும் இருக்கிறது, திரைக்குப் பின்னால் என்பதும் இருக்கிறது. இந்த இரண்டு சொற்கள் கையில் இருந்தால், தொடர் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிடலாம். ஆற்றைக் கடக்கும் பகுதியில், கனமான சாமான்களைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்கச் சொல்லியும் பலர் மூழ்கிப்போகிறார்கள். அங்கே படமே போதும், குரல் அடங்கியிருக்கிறது, காட்சி நிற்கிறது. வேறு சில பகுதிகளில் அந்தி வானத்தைக் காட்டிவிட்டு, அது எவ்வளவு பெரிய வானம் என்று உடன்கூற்றில் விளக்கவும் செய்கிறார்கள். அது எனக்கு வீணாகத்தான் படுகிறது. பின்கூற்றாக வந்திருந்தால், அந்த வானத்தை இனி பார்க்க முடியாதவளின் பேச்சாக அது கனத்திருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி.

> பாத்திர நோக்கம் என்றால் போதாதா?

போதாது. ஷேயைப் பாருங்கள். சாம் எலியட் நடித்திருக்கிறார். தொடக்கத்திலேயே அம்மை நோயில் செத்த மனைவியையும் மகளையும் வீட்டோடு வைத்து எரித்துவிட்டு, துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்புகிறவர். அதன் பிறகும் அவர் உயிரோடு நடப்பதற்கு ஒரே காரணம் கடல். தன் கண் வழியாக மனைவிக்குக் கடலைக் காட்ட வேண்டும். கடைசியில் ஓரிகன் கடற்கரையில் போய் உட்கார்ந்து, பார்த்துவிட்டு, தொடக்கத்தில் செய்ய இருந்ததைச் செய்து முடிக்கிறார். எவ்வளவு தெளிவான நோக்கம்! ஆனால் அவருக்குக் கதைக்குரல் கிடையாது. அந்த நோக்கத்தைக்கூட எல்சாவிடம் வசனமாகத்தான் சொல்கிறார், அவள் காதலன் என்னிஸ் செத்தபிறகு, ஆறுதலாக.

எல்சாவுக்கு அப்படி ஒன்று இல்லை. மாடு மேய்க்கப் பழகுகிறாள், பாவாடையை விட்டுக் காற்சட்டைக்கு மாறுகிறாள், காதலிக்கிறாள், இழக்கிறாள், சாம் என்ற கொமாஞ்சே இளைஞனை மறுபடி காதலிக்கிறாள். ஆசைகள் நிறைய, கதையை இழுத்துப்போகும் குறிக்கோள் எதுவும் இல்லை. ஓரிகன் போவது அப்பாவின் தீர்மானம், பயணம் ஷேயின் பொறுப்பு. ஆனால் அம்புப் புண் சீழ் வைத்து, மகள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்ததும் ஜேம்ஸ் டட்டன் எடுக்கிற முடிவு ஒன்று உண்டு. அவள் எங்கே புதைக்கப்படுகிறாளோ அங்கேயே குடும்பம் தங்கும். பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் மொன்டானாவில் ஒரு பள்ளத்தாக்கைக் காட்டிவிடுகிறார், ஏழு தலைமுறையில் என் மக்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்ற எச்சரிக்கையோடு. அங்கே ஒரு மரத்தடியில், அப்பாவின் மடியில் அவள் போகிறாள். யெல்லோஸ்டோன் பண்ணை அந்த மரணத்தின் மேல் நிற்கிறது.

பாத்திரம் விரும்புவது ஒன்று, பாத்திரத்தால் கதையில் விளைவது இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. முன்னதற்கு ‘இலக்கு’, பின்னதற்குப் ‘பயன்’. செய்யுளியலில் பயன் என்பதும் இதனால் இது விளையும் என்று காட்டும் உறுப்புதான், கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஷேக்கு இலக்கு உண்டு. எல்சாவுக்குப் பயன் உண்டு. கதைக்குரலை அவளிடம் கொடுத்தது ஏன் என்று இப்போது பேச முடிகிறது. இலக்கு இல்லாத ஒருத்தியை 10 பகுதிகளுக்கு நடுவில் நிறுத்திவைக்க அந்தக் குரலைத் தவிர வேறு கயிறு இல்லை. ‘நோக்கம்’ என்று ஒற்றைச் சொல்லாகவே விட்டிருந்தால், எல்சா பாத்திரம் பலவீனமாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். இணையத்தில் அப்படித்தான் சிலர் சொல்கிறார்கள்.

கூற்று என்றால் எமன் என்றும் பொருள் உண்டே, குழம்பாதா என்று கேட்டவருக்கு: செத்தவள் பேசுகிற கதைக்கு அது ஒன்றும் கெடுதல் இல்லை.

ஆக, சொற்கோவையில் சேர்க்க நான் முன்வைப்பவை: கதைக்குரல், மறைகுரல், பின்கூற்று, உடன்கூற்று, இலக்கு, பயன். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்து வந்த ‘1923’ தொடரிலும் எல்சாவின் குரலே கதை சொல்கிறது. அவள் செத்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆப்பிரிக்காவில் வேட்டையாடித் திரியும் தம்பி ஸ்பென்சரைப் பற்றிப் பேசுகிறாள், அவன் பிறப்பதற்கு முன்பே போனவள். பார்க்காததைப் பேசுவதால் கண்டோர் கூற்றில் சேராது, தான் வாழ்ந்த வாழ்க்கை இல்லை என்பதால் பின்கூற்றிலும் முழுசாக அடங்காது. ‘எட்டாக் கூற்று’ என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.