மலைப்பாதையில் அறுந்த கிளட்ச் கேபிள்: ஆலோசனை தேவை

வணக்கம். சென்ற ஞாயிறன்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடக் கடக்காத நிலையில், என் பைக்கின் கிளட்ச் கேபிள், லீவருக்குள் பொருந்தும் குண்டுக்கு அருகில் இழை இழையாகப் பிரிந்து அறுந்துவிட்டது. அவ்வழியே வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், வயர் கனெக்டரின் பிளாஸ்டிக்கை உடைத்து, உள்ளிருந்த பித்தளைத் துண்டைக் கம்பி முனையில் கோத்துத் திருகுகளை இறுக்கித் தந்தார். (கட்டிங் பிளேயர்கூட இல்லாமல் மலையேறிய என்னை அவர் பார்த்த பார்வை தனிக்கதை.) கேபிள் சற்றே குட்டையாகிவிட்டதால், அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகிய பிறகுதான் கிளட்ச் சரியாகப் பிடித்தது, அடிவாரத்திலுள்ள காரவள்ளி வரை இறங்கிவிட்டேன்.

இத்தகைய இணைப்பை நம்பி எவ்வளவு தூரம் ஓட்டலாம், திருகு முனை நாளடைவில் இழைகளை அறுத்துவிடாதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய கேபிளை ஒட்டியே புதியதொன்றையும் முன்கூட்டிக் கட்டிவைப்பவர்கள், எஞ்சின் சூட்டிலிருந்தும் மழைநீரிலிருந்தும் அதன் முனைகளை எவ்வாறு காக்கிறீர்கள்?