‘குழப்பமொன்னுமில்ல’: எல்லை தாண்டி வேலைக்குப் போன செவிலியர்களின் அனுபவங்கள்

உடுமலைப்பேட்டையிலிருந்து:

கோவையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, பாலக்காடு மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனேன். கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டிப் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே வரும் நோயாளிகளில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் சம்பளப் பேச்சு வந்ததும், "ஆறு மாதம் டிரெய்னி, மாதம் 11,000. அப்புறம் பார்த்துச் செய்வோம்" என்றார் நிர்வாக அலுவலர்.

கோவையிலும் இதே "பார்த்துச் செய்வோம்" என்ற பேச்சைத்தான் நம்பினேன். இரண்டு ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இந்தத் தடவை கையில் இரண்டு தாள்களோடு போயிருந்தேன். ஒன்று, கேரள நர்சிங் கவுன்சிலில் நான் செய்துகொண்ட பதிவு. தமிழ்நாட்டுப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அந்தச் சந்தில்தான் டிரெய்னி என்ற பெயரை ஒட்டிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். மற்றொன்று, 2018 ஏப்ரலில் கேரள அரசு வெளியிட்ட சம்பள அறிவிக்கை. நர்சுகள் பல மாதம் போராடி வாங்கியது அது. தனியார் மருத்துவமனை நர்சுக்கு அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறது.

அறிவிக்கையை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. "யோசித்துச் சொல்கிறோம்" என்றார். மூன்றாம் நாள் போன் வந்தது: 20,000 தருவார்கள், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் உண்டு, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். பிடித்தம் எவ்வளவு என்று வேலை ஆணையிலேயே எழுதித் தரச் சொன்னேன். சான்றிதழ் நகல் மட்டும்தான் தருவேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். தங்கைகளே, அசலைக் கொடுத்துவிட்டு, வேலையை விடவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் முடியாமல் அழுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

வேலையில் சேர்ந்து ஒன்பதாம் நாள், இரவுப் பணி. மாலைப் பணி முடித்துப் போன மலையாளி நர்ஸ் சேச்சி ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வந்து, "ஏழில் குழப்பமொன்னுமில்ல" என்றார். நோயாளி தெளிவாக இருக்கிறார், பேச்சில் தடுமாற்றம் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நாம் நோயாளிக்குக் ‘குழப்பம்’ இருக்கிறதா என்று கேட்பது அந்தப் பொருளில்தானே. மலையாளத்தில் அதற்குப் ‘பிரச்சினை ஒன்றும் இல்லை’ என்றுதான் அர்த்தம். அவருடைய புத்தித் தெளிவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, சோதிக்கவும் இல்லை.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் தேங்காய் லாரி ஓட்டுநர், பொள்ளாச்சிப் பக்கம். விபத்தில் இடது கை முறிந்து மூன்றாம் நாள். இரவு ஒன்றரை மணிக்குப் போய்ப் பார்த்தால், கையிலிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தார், தலையணை உறை நனைய வியர்வை, போர்வையில் ரத்தம். வலது காலால் கால்மாட்டுக் கம்பியை அழுத்தி அழுத்தி மிதித்தார். பிரேக்! "ஆள் குறுக்கே வருகிறான், பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை" என்று கத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

நாடி 124, விரல்கள் நடுங்கின. அவருடைய மனைவியை ஓரமாக அழைத்து, "அக்கா, அண்ணன் குடிப்பாரா? என்னிடம் மறைக்க வேண்டாம்" என்றேன். தினமும், பத்து வருடமாக என்றார். சேர்க்கைப் படிவத்தில் மதுப்பழக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர்களுக்குப் புரிகிற மொழியில் யாரும் கேட்கவில்லை. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. டியூட்டி டாக்டரை எழுப்பினேன். படபடப்பை அடக்கும் லோராசெபாம் ஊசி போடச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தோம்.

மருந்து பிடிக்கும்வரை அவர் அருகில் நின்று, "அண்ணே, இது ஆஸ்பத்திரி. வண்டி ஓடவில்லை. நான் நர்ஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கால் மெல்லத் தளர்ந்தது. அன்றிலிருந்து, பணி ஒப்படைக்கும்போது யார் குழப்பமில்லை என்றாலும், "பேரும் நாளும் சரியாகச் சொல்கிறாரா?" என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

செங்கோட்டையிலிருந்து:

கேரளத்துப் புனலூரில் எனக்கும் இதுபோல ஒன்று நடந்தது. தென்காசிப் பாட்டி ஒருவர் "ராத்திரியெல்லாம் பனி" என்றார். மலையாளி டாக்டர் காய்ச்சல் என்று எழுதிவிட்டார். அவர்களுக்குப் பனி என்றால் காய்ச்சல். வெப்பமானியில் 98.4. பாட்டிக்கு இருந்தது பனிக்காற்றில் வந்த இழுப்பு.

களியக்காவிளையிலிருந்து:

எனக்கு நோயாளிகளைவிடப் பைஸ்டாண்டர்களால்தான் (நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள்) சிரமம். ஒரு அம்மாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, மூத்த நர்ஸைக் கூப்பிடத் திரும்பினேன். மகன் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். மருந்து டிரே கீழே விழுந்தது. நிர்வாகம் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றது. கேரளத்தில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராக 2012-லேயே சட்டம் உண்டு. கொட்டாரக்கரையில் பணியிலிருந்த இளம் டாக்டர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 2023-ல் தண்டனையைக் கூட்டினார்கள். கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டுகள்வரை சிறை. எனக்குக் காயம் இல்லை. ஆனாலும் புகார் எழுதினேன், தமிழில். ஸ்டேஷனில் எழுத்தர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு ரசீது கொடுத்தார்.