அடிபட்ட கார்பன் தகடு எவ்வளவு தாங்கும்? காட்பாடிச் சோதனைக்கூட அனுபவம்

காட்பாடிப் பக்கத்தில் உள்ள ஒரு சோதனைக்கூடத்தில் கூட்டுப்பொருள் தகடுகளை, அதாவது இழை அடுக்குகளை ரெசின் என்னும் பிசினால் ஒட்டி வார்த்த தகடுகளை, சோதிப்பது என் வேலை. இராணிப்பேட்டை சிப்காட்டில் பட்டறை நடத்தும் ஒருவர், தாம் வார்த்த கார்பன் ஃபைபர் தகடுகளைக் கொண்டுவந்து, "மேலே ஸ்பானர் விழுந்தால் தாங்குமா சார், அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அடியைத் தாங்குவது பெரிதல்ல, அடிபட்ட பிறகு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதே முக்கியம் என்று அவரிடம் சொன்னேன்.

மோதல் சோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். டி7136 என்ற தர நிர்ணய முறைப்படி, 150க்கு 100 மி.மீ. அளவில் வெட்டிய தகட்டின் மீது, 16 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோள முனை கொண்ட எடையை விழச் செய்வோம். கனத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 6.7 ஜூல் என்பது கணக்கு, 5 மி.மீ. தகட்டுக்கு 33.5 ஜூல், அதாவது 5.5 கிலோ எடையைச் சுமார் 62 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும். எகிறும் எடை மறுபடியும் தகட்டின் மேல் விழாமல் பிடித்துவிடுவது மிக அவசியம், ஏனெனில் இரண்டாவது அடி விழுந்துவிட்டால் அந்தத் தகட்டின் முடிவை எதனோடும் ஒப்பிட முடியாது.

அவருடைய தகட்டின் மேல்பக்கத்தில் விரலால் தடவினால் மட்டுமே தெரியும் சிறு குழி. நேரம் போகப் போக அது மேலெழுந்து ஆழம் குறைந்துவிடும் என்பதால் உடனே ஆழத்தை அளந்துகொண்டோம். திருப்பிப் பார்த்தால் கடைசி அடுக்கின் இழைகள் நீளவாக்கில் பிளந்திருந்தன. மீயொலியால் தகட்டின் உட்புறத்தைப் படமாக்கும் அல்ட்ராசானிக் சி-ஸ்கேனில், குழியைவிடப் பல மடங்கு பரப்புக்கு அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருப்பது தெரிந்தது. அவர் முகம் மாறியது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான்.

இழுக்கும்போது இழைகள் அறுபடாதவரை சுமையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அமுக்கும்போதோ, பிரிந்த அடுக்குகள் ஒட்டு விட்ட அட்டையைப் போலத் தனித்தனியே வளைந்து வெளியே தள்ளுகின்றன. கனம் பாதியானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் மோதலுக்குப் பின்னான வலிமையை அமுக்கிப் பார்த்து அளக்கிறோம்.

அடிபட்ட தகட்டை அமுக்கிச் சோதிக்கும் முறையான ஏ.எஸ்.டி.எம். டி7137 சொல்லும் பொருத்தியில் தகட்டின் பக்க ஓரங்களை இறுக்கிப் பிடிக்காமல், முழுத் தகடும் வளைந்துவிடாத அளவுக்கு மட்டும் தாங்க வேண்டும். முதலில் சிறு சுமை கொடுத்து, இரு முகங்களிலும் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ்கள் (தகடு எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் உணரிகள்) ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும்வரை தகட்டைச் சரிசெய்தோம். பொறுமையாகச் செய்ய வேண்டியது இதுவே. பிறகு நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் அமுக்கினோம். இடையிடையே மெல்லிய வெடிப்பொலிகள் கேட்டன. கடைசியில் பெரும் ஓசையுடன், குழியிலிருந்து இரு ஓரங்களுக்கும் குறுக்காக முறிவு ஓடியது. குழி வழியே முறிந்ததால் முடிவு செல்லுபடியாகும். குழி வழியே முறியாமல், அமுக்கப்படும் விளிம்பு நசுங்கியிருந்தால் அதைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டோம்.

தகட்டின் கனத்தைக் கூட்டலாமா என்று அவர் கேட்டார். அடுக்குகள் எளிதில் பிரியாமலிருக்க, எளிதில் பிளவுபடாதபடி மேம்படுத்திய எப்பாக்சி ரெசினை முதலில் முயலச் சொன்னேன். துணி, அடுக்கு வரிசை, கனம் ஆகிய மூன்றையும் மாற்றாமல் ரெசினை மட்டும் மாற்றி அடுத்த தொகுதியை வார்த்துக் கொண்டுவருமாறு கேட்டிருக்கிறேன். அப்போதுதான் வலிமையில் வரும் மாற்றம் ரெசினால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.