பைல்ஷ்டைனும் மோசெல் கரையும்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஆத்தங்கரை
ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரை ஊரான கோகெமில் படகேறினால் அதே கரையோரச் சிற்றூர் பைல்ஷ்டைனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், இது எல்லாருக்கும் தெரியும். கண்ணிலேயே நிற்பது நடுவில் வரும் ஃபான்கெல் லாக்தான், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவடைப்புத் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் பாசி படிந்த ஈரச் சுவர், மேலே ஒரு துண்டு வானம். பின்கதவு மூடுகிறது. அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, சுமார் 7 மீட்டர். படகு உயர்வது தெரியாது, சுவர் கீழே இறங்குகிற மாதிரிதான் இருக்கும். திடீரென்று திராட்சைத் தோட்டம் கண்ணுக்கு நேரே. அந்த நேரம் பார்த்துப் பாதிப் பேர் கீழ்த்தளத்தில் கேக்குக்கு வரிசையில் நிற்கிறார்கள்! மேல்தளத்தில் முன்பக்கம் நில்லுங்கள். லாக்கில் சரக்குக் கப்பல் இருந்தால் காத்திருக்க நேரும், ஆகவே இறங்கியதும் அடுத்த பஸ் என்று இறுக்கிக் கணக்குப் போடாதீர்கள். போக வர இரண்டுக்கும் படகுதான் சரி.

தண்டவாளம்
போக வர இரண்டுக்கும் படகா? ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசிப் படகு மாலையிலேயே கிளம்பிவிடும். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் பைல்ஷ்டைன் பைல்ஷ்டைனாக இருக்கும். சுமார் 140 பேர் வாழும் ஊர், பகலில் சந்தையடி மாதிரி.

ரயில் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: கோகெமைத் தாண்டியதும் ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வளைகிறது. ரயில் அந்த வளைவைத் தொடுவதே இல்லை. 1879இல் திறந்த கைசர் வில்ஹெல்ம் சுரங்கம் 4,205 மீட்டர். கோகெமில் நுழைந்து எல்லரில் வெளியே வந்துவிடும். பைல்ஷ்டைன் விடுபட்ட அந்த வளைவில் உட்கார்ந்திருக்கிறது. பழமை மாறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

படகில் போய் பஸ்ஸில் திரும்புங்கள். டாய்ச்லாந்து டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு) பஸ்ஸில் செல்லும், படகில் செல்லாது. மாலையிலும் ஞாயிறிலும் பஸ் மிகக் குறைவு, கடைசி பஸ்ஸின் நேரத்தை நிறுத்தத்துப் பலகையில் படம் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைய வேண்டும். தவறினால் கோகெமுக்கு ஆற்றோரமாகப் பத்துப் பதினோரு கிலோமீட்டர். சைக்கிள் இருந்தால் கவலையில்லை, பாதை சமதளம்.

மலைநடை
எல்ட்ஸ் கோட்டை. மோசெல்கெர்னிலிருந்து காட்டு வழி. ஓடையோரமாக மரங்களுக்கிடையே நடந்துகொண்டே இருக்கும்போது ஒரு திருப்பத்தில் கோபுரங்கள் மொத்தமாக முன்னால் வரும். பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த கோட்டை. எரித்தோ இடித்தோ அழிக்கப்படாதது, 850 ஆண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில்.

ஆனால் மனதை உறுத்துவது வேறு. ஒரு குடும்பம் குழந்தை வண்டியைத் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவராகத் தூக்கிக்கொண்டு கடைசிப் படிக்கட்டில் ஏறியது. வேரும் கல்லுமான பாதை அது, சக்கரம் ஓடாது. மேலே போய்ச் சேர்ந்தபோது கடைசிச் சுற்றும் முடிந்திருந்தது. உள்ளே சுற்றிக்காட்டுபவரோடு மட்டுமே போகலாம், சுமார் 40 நிமிடம். படம் எடுக்கக் கூடாது. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் முடிய உள்ளே அனுமதி இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடை என்று வையுங்கள், காலை முதல் சுற்றுகளுக்கே போய்விடுங்கள். குழந்தை வண்டி இருந்தால் மேலே உள்ள கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள். அங்கிருந்து தார் சாலை 800 மீட்டர்தான், சிற்றுந்தும் ஓடுகிறது.

தண்டவாளம்
மலைநடை சகோ, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். கோப்லென்ஸிலிருந்து ஆர்இ 1 என்ற விரைவு வண்டி ஏறினால் மோசெல்கெர்னில் நிற்காது. சிறு நிலையங்களிலும் நிற்கும் ஆர்பி 81தான் நிற்கும். ஜன்னல் வழியே ஊர்ப் பலகை கடந்து போவதைப் பார்த்தபடி நிற்கும் ஆட்களை அந்த வண்டியில் அடிக்கடி காணலாம். அடுத்து ட்ரைஸ்-கார்டெனில் இறங்கி எதிர்த்திசை ஆர்பி பிடிக்க வேண்டியதுதான்.

செங்குத்து
கோட்டை கோட்டை என்கிறீர்கள், கால்மோண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. எடிகர்-எல்லர் ஸ்டேஷனிலிருந்து ப்ரெம் வரை, ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைச் சரிவு; சில இடங்களில் 65 பாகைக்கும் மேல். பாறையில் அடித்த இரும்பு ஏணி, கம்பிக் கயிறு. உச்சிப் பக்கத்தில் நின்றால் ஆறு முழு வளைவாகக் கீழே, அக்கரையில் ஷ்டூபென் மடத்தின் கூரையில்லாச் சுவர்கள்.

மூன்று மணி நேரம் ஆகும். சரிவு தெற்கு பார்த்தது, ஸ்லேட் கல் வெயிலை உறிஞ்சித் திருப்பி அடிக்கும், நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மழைக்கு மறுநாள் போகாதீர்கள், ஸ்லேட் வழுக்கும். காலால் ஒரு துண்டு தட்டிவிட்டாலும் கீழே வேலை செய்பவர் தலையில்தான் விழும். பெரியவர்கள் பெரும்பாலும் கம்பிக் கயிற்றில் மாட்டும் பாதுகாப்பு இடுப்புவார் இல்லாமலே போகிறார்கள்; சிறுவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன். கல் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் பாருங்கள். ப்ரெம்மில் ரயில் இல்லை, நேஃப் வரை நடந்து பாலம் தாண்டி ரயில் ஏற வேண்டும்.

பசிக்காரி
பைல்ஷ்டைனில் மேட்டெர்னிஷ் கோட்டை இடிபாட்டில் ஏறி நின்ற நிமிடம் போதும் எனக்கு. 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. மடத்துக் கோயிலுக்கு 108 படி, உள்ளே கறுப்பு மாதா. அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்குப் பல அடுப்படிகள் மூடும், மறுபடி ஐந்தரை ஆறுக்குத்தான் திறக்கும். வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை இருக்கும், எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். ஞாயிறன்று கோகெம் சூப்பர் மார்க்கெட்டையும் நம்பாதீர்கள், சனியன்றே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். சைவக்காரர்களுக்கு: வெங்காய கேக்கில் பன்றித் துண்டு கிடக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெல்லிய ரொட்டி மேல் க்ரீமும் வெங்காயமும் போட்டுச் சுடும் ஃப்ளாம்கூக்கனிலும் அதேதான். "ஓனே ஷ்பெக்" (பன்றித் துண்டு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள், ஃப்ளாம்கூக்கனைப் பெரும்பாலும் அப்படியே போட்டுத் தருவார்கள். வெங்காய கேக் முன்பே சுட்டு வைத்தது, அதில் பொறுக்கி எடுக்க முடியாது. சீஸ் போட்ட நூடுல்ஸான கேசெ ஷ்பெட்ஸ்லெ பாதுகாப்பு, ஆனால் மேலே தூவும் வறுத்த வெங்காயத்தோடு சில இடத்தில் ஷ்பெக்கும் வரும். தண்ணீர் கேட்டால் சோடா வரும், "ஷ்டில்" (வாயு இல்லாதது) என்று சேர்த்துச் சொல்லுங்கள், இலவசம் இல்லை.

வாசலில் பூங்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் அது ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். திராட்சைத் தோட்டக்காரரே தன் ஒயினை விற்கும் வீடு. வருடத்தில் நான்கு மாதம், 40 இருக்கை, அதுதான் உச்சவரம்பு. மலிவு, நல்ல ரீஸ்லிங் வெள்ளை ஒயின். அங்கே கார்டு செல்லும் என்று நினைக்காதீர்கள், கையில் நோட்டு இருக்கட்டும்.

ஆத்தங்கரை
பசிக்காரி, செப்டம்பர் கடைசியில் போகிறவர்களுக்கு ஃபெடர்வைசர் பற்றிச் சொல்லாமல் விட்டீர்களே. பாதி நொதித்த புது ஒயின், பாட்டிலுக்குள் இன்னும் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும், அதனால் மூடியை இறுக்குவதே இல்லை. பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் ஒட்டும். நிமிர்த்தி வைத்து ஓரிரு நாளில் குடித்துவிட வேண்டும், இனிப்பு குறையக் குறையப் போதை ஏறும்.

தண்டவாளம்
விமானத்தில் கொண்டுபோகலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கூடாது.