ஹவுசிங் (பின் ஆக்சில் கூடு) ட்ரெய்ன் பிளக் (ஆயில் இறக்குற அடி மூடி) அசையவே இல்ல, சதுரக் குழி மழுங்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்து என்ன?

டிப்பர்10:
10 சக்கர டிப்பர், கிரஷர் லோடு. கியர் பாக்ஸும் நடு ஹவுசிங்கும் ஆயில் மாத்தியாச்சு. கடைசி ஹவுசிங்ல அடி பிளக் மட்டும் நகர மாட்டேங்குது. தலைக்குள்ள சதுரக் குழி இருக்கிற டைப், அரை இஞ்ச் டி-ராடு நேரா உள்ள போற அளவு. ராடுல 3 அடி பைப் மாட்டி இழுத்தப்ப வழுக்கி ரெண்டு மூலை மழுங்கிருச்சு. டபிள்யூ.டி 40 ரெண்டு நாளா அடிச்சாச்சு, ஒண்ணும் ஆகல. கேஸ் வச்சுக் காய்ச்சலாமா? உள்ள ஆயில் இருக்கே. இல்ல, நேரா நட்டு வச்சு வெல்டு பண்ணிடலாமா? ஃபில்லர் பிளக்க (ஆயில் ஊத்துற ஓட்டையோட மூடி) இன்னும் தொடல.

கிரவுன்பினியன்:
முதல்ல ஃபில்லர் பிளக்கக் கழட்டுங்க. அது வராம அடி பிளக் வந்துட்டா, ஆயில் பூரா தரையில, திரும்ப ஊத்த வழியில்லாம வண்டி ஸ்டாண்டுல நிக்கும். ஃபில்லர் வர்ற வரைக்கும் அடி பிளக் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது அந்தக் குழி. கிரஷர் வண்டியில கல் தூசியும் ஆயிலும் சேர்ந்து குழிக்குள்ள சிமெண்ட் மாதிரி இறுகி இருக்கும். பார்த்தா குழியோட அடி மாதிரியே தெரியும், ஆனா அது அடி இல்ல. கூர் ஸ்க்ரூ டிரைவரால குத்திக் குடைஞ்சு, ஏர் அடிங்க. 6 மி.மீ மட்டும் உள்ள போன ராடு, சுத்தம் பண்ணினதும் 12, 15 மி.மீ வரைக்கும் இறங்கும். மூலை மழுங்கினதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிக் காரணம் ராடு. சாக்கெட் ராடோட சதுர முனையில மூலையெல்லாம் உருட்டி இருக்கும், சாக்கெட்டப் பிடிக்கிற சின்ன இரும்புக் குண்டு வேற துருத்திக்கிட்டு நிக்கும். பிளக்கோட பக்கச் சுவர்ல முழுசா உட்காராது. லேத்துல அரை இஞ்ச் சதுரக் கம்பி (12.7 மி.மீ, கீ வெட்டுற ஸ்டீல்) ஒரு விரல் நீளம் வாங்கி, முனையில மூலைகள் கூரா இருக்கிற மாதிரி ஃபைல் போட்டு, மேல் பாதிய ஒரு பழைய சாக்கெட்டுக்குள்ள வச்சு வெல்டு அடிச்சுக்கங்க. குழியில தட்டி இறக்கினா ஆட்டமே இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, டபிள்யூ.டி எதுக்கு வேலை செய்யலன்னா, பிளக் கீழ் நோக்கி இருக்கு. அடிச்சது பூரா சொட்டி விழுந்துடும். காட்டன் வேஸ்ட்ட நல்ல பெனிட்ரேட்டிங் ஆயில்ல நனைச்சு, பிளக் மேல வச்சுக் கம்பியால கட்டி ஒரு ராத்திரி விடுங்க. உள்பக்க மரை எப்பவும் ஆயில்ல நனைஞ்சுதான் இருக்கும், துரு பிடிக்காது. பிடிச்சிருக்கிறது வெளிப்பக்கம் ரெண்டு மூணு மரைதான், அதனால எட்டு மரையையும் நனைக்கணும்னு இல்ல.

காலையில பித்தளைக் கம்பிய பிளக்கோட நடுவுல வச்சு ரெண்டு பவுண்டு சுத்தியலால பத்துப் பதினைஞ்சு அடி, நேரா. அப்புறம் முதல்ல இறுக்குற பக்கம் லேசா, பிறகு கழட்டுற பக்கம். ‘டக்’னு சத்தம் வந்தா வேலை முடிஞ்ச மாதிரி. பைப்ப நீட்டுறத விட இம்பாக்ட் கன் மேல். ஒரு மீட்டர் பைப்புல 50 கிலோ தொங்கினா 490 நியூட்டன் மீட்டர் ஒரே பக்கமா முறுக்கும், கருவி சாயும், வழுக்கும். கன் தட்டித் தட்டித் துருவ உடைக்கும்.

கேஸ்செட்:
காய்ச்சலாம். ஆனா பிளக்கக் காய்ச்சக் கூடாது, அதச் சுத்தியிருக்கிற வளையத்தக் காய்ச்சணும். பிளக்கும் ஸ்டீல், ஹவுசிங்கும் ஸ்டீலோ வார்ப்போ, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரியும். சேர்த்துச் சூடு பண்ணினா லாபமே இல்ல. வளையம் மட்டும் பிளக்க விட 100 டிகிரி கூட இருந்தா 24 மி.மீ பிளக்குக்கு 0.03 மி.மீ இடைவெளி கிடைக்கும். கேக்கச் சின்னதா இருக்கும், துருவோட பிடி விட அது போதும். அதனால வேகமாக் காய்ச்சி உடனே திருப்பணும், பொறுமையாக் காய்ச்சினா சூடு பிளக்குக்கும் ஏறிடும்.

சிவக்க விடவே வேண்டாம். 150 டிகிரி போதும். ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சா ‘சுர்’னு கொதிச்சு உடனே காயணும். அந்தச் சூட்டுல பிளக் ஓரத்துல மெழுகுவத்தியத் தேய்ங்க, உருகி மரைக்குள்ள தானா ஏறும், கீழ் நோக்கி இருந்தாலும் ஏறும்.

கியர் ஆயில் தீப்பிடிக்கிற சூடு பொதுவா 180, 200 டிகிரிக்கு மேல, 150-ல ஆபத்து குறைவு. ஆனா ஃபில்லர் திறந்தே இருக்கணும், ப்ரீதர் (ஹவுசிங்குக்குக் காத்து போய் வர்ற சின்னத் துளை) அடைச்சிருந்தா அதையும் சுத்தம் பண்ணுங்க. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைச்சுட்டுக் காய்ச்சாதீங்க. ராத்திரி கட்டி வச்ச வேஸ்ட்ட அவுத்துத் தூரப் போட்டு, ஊறின ஆயிலத் துடைச்சுட்டுத்தான் தீ. பிரேக் ஏர் நைலான் பைப்ப ஈரச் சாக்கால மூடுங்க. தீயணைப்பான் கை எட்டுற தூரத்துல. பிளக்குல காந்தம் இருந்தா சூட்டுல பலம் குறையும், வந்ததும் ஒரு நட்டு ஒட்டுதான்னு பாத்து, ஒட்டலன்னா புதுசு.

கியர் பாக்ஸ்ல பிளக் மாட்டிக்கிட்டா கணக்கு வேற. அலுமினியக் கேசிங் ஸ்டீல விட ரெண்டு மடங்கு விரியும், ஹாட் ஏர் கன்னே போதும். கேஸ் வெல்டிங் செட்ட அலுமினியத்துப் பக்கம் கொண்டு போகாதீங்க, சிவக்காமயே உருகிடும்.

லேத்பட்டறை:
ஹவுசிங் பிளக்குக்குக் காய்ச்சுறதுக்கு முன்னாடி வெல்டே நல்லதுன்னு சொல்வேன். வெல்டு பண்ற சூடும் கிடைக்கும், பிடிக்க ஒரு தலையும் கிடைக்கும். சதுரக் குழிக்குள்ள சதுரக் கம்பிய இறக்கி அடிப்பக்கம் சுத்தி 7018 வெல்டிங் ராடு, 3.15 மி.மீ, 110–120 ஆம்ப். சாதா 6013 இந்த வேலைக்கு அவ்வளவு பிடிக்காது. கைச்சூட்டுக்கு ஆறினப்புறம் திருப்புங்க, வெல்டு சிவப்பா இருக்கும்போது இழுத்தா கம்பி மட்டும் கையோட வரும். ரெண்டு மூணு தடவை உடைஞ்சாலும் திரும்பப் போடலாம். வார்ப்பு பிளக்கா இருந்தா மட்டும் வெல்டு நிக்காது.

எர்த் கிளாம்ப் அதே ஹவுசிங்ல, பிளக்குக்கு ஒரு சாண் தள்ளி. சக்கரத்துலயோ சேசிஸ்லயோ போட்டா கரண்ட் பேரிங் வழியாப் போய் ரோலர்ல பொட்டுப் பொட்டாக் குழி விழும், மூணு மாசம் கழிச்சு ஊளையிடும்போது காரணம் தெரியாது. பேட்டரி ரெண்டு முனையும் கழட்டுங்க, இப்ப வர்ற வண்டியில கம்ப்யூட்டர் இருக்கு. வெல்டுக்கு முன்னாடி ஆயில உறிஞ்சிக் காலி பண்ணாதீங்க. உள்ள ஆயில் இருந்தா சூட்டை வாங்கிக்கும், காலி ஹவுசிங்குல புகை சேரும்.

டிரில் போடுறது கடைசி வழி. மரை கெட்டா அடுத்த சைஸ் டேப்பு (மரை வெட்டுற கருவி), பெரிய பிளக்கு, டிரில் தூள் உள்ள போய் ஆயில் சுத்தம் பண்ற வேலை வேற.

புது பிளக் வாங்கும்போது ஒரு கண்ணி. முக்கால் இஞ்ச் டேப்பர் (நுனிப் பக்கம் குறுகுற) பிளக்குல அமெரிக்க மரைக்கும், கடையில கிடைக்கிற பி.எஸ்.பி (பிரிட்டிஷ் பைப்) மரைக்கும் ஒரே 14 மரைதான் ஒரு இஞ்சுக்கு. அதனால சுத்தினா உள்ள போயிடும். ஆனா மரைக் கோணம் ஒண்ணு 60, ஒண்ணு 55 டிகிரி. ஒழுகும், ஒழுகுதேன்னு இறுக்குவீங்க, அடுத்த தடவை இதே கேள்வி. பழச எடுத்துட்டுப் போய் பார்ட்ஸ் நம்பர் சொல்லி வாங்குங்க.

டிப்பர்10:
குழியக் குடைஞ்சப்ப உள்ள இன்னும் 8 மி.மீ இருந்துச்சு! ஃபில்லர் ஒரு இழுப்புல வந்துருச்சு. சதுரக் கம்பிக்கு லேத்துல சொல்லியிருக்கேன். வண்டி ராத்திரி லோடு ஏத்தணும். ஃபில்லர் வழியா உறிஞ்சி புது ஆயில் ஊத்திட்டு பிளக்க அப்புறம் பாத்துக்கலாமா?

கிரவுன்பினியன்:
இந்த ஒரு தடவைக்குச் செய்யலாம். ஆயில் சூடா இருக்கும்போது ஹேண்ட் பம்பு ஓஸ ஹவுசிங்கோட அடி தொடுற வரைக்கும் விடுங்க, கிரவுன் வீல் (உள்ள இருக்கிற பெரிய பல் சக்கரம்) பல்லுல மாட்டாம ஓரமா. முழுசா வராது, அடியில கொஞ்சம் நிக்கும், இரும்புத் தூள் சேறும் அதோட நிக்கும். அதனால அடுத்த ஆயில் வரைக்கும் தள்ளாதீங்க, வண்டி ஒரு நாள் நின்னா பிளக்கக் கழட்டிடுங்க. அதுக்குள்ள வேஸ்ட் கட்டி ஊற விடுங்க. ஓட்டத்துல சூடாகி ஆறி ஆறி பாதி வேலைய அதுவே பாத்துக்கும்.

உறிஞ்சின ஆயில் பால் மாதிரி இருந்தா ப்ரீதர் வழியாத் தண்ணி போயிருக்கு, உடனே ப்ரீதரப் பாருங்க. பிளக் வந்ததும் காந்தத்துல சாம்பல் கலர் பசை இருந்தா அது சாதாரணத் தேய்மானம். விரல்ல தேய்ச்சா சில்லு உறுத்தினா கேரியர (கிரவுன் வீல் இருக்கிற பகுதி) திறக்கணும்.

ஊத்துறது ஜி.எல்-5 தரக் கியர் ஆயில், கிரேடு 85டபிள்யூ-140ஆ 80டபிள்யூ-90ஆன்னு புக்குல பாத்துக்கங்க. வண்டி சமதரையில, ஃபில்லர் ஓட்டையோட அடி விளிம்பு வரைக்கும். விரல மடக்கிப் பாக்குறது வேண்டாம், விளிம்புல வழியணும். சக்கர ஹப்புக்கும் ஆயில் போற மாடல்னா ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டி, பத்து நிமிஷம் நிறுத்தி திரும்ப லெவல் பாருங்க, குறைஞ்சிருக்கும்.

திரும்ப மாட்டும்போது நேர் மரைன்னா புது காப்பர் வாஷர், டேப்பர்னா வாஷர் இல்லாம சீலன்ட் லேசா. டார்க் ரெஞ்ச்ல (முறுக்கு அளவு காட்டுற ஸ்பேனர்) புக்கு அளவு. குழியில கிரீஸ் அப்பி விடுங்க, கல் தூசி இறுகாது.